புகை அலாரம் சும்மா அலறினால் செய்யக்கூடாதவை

வெள்ளிக்கிழமை மாலை. சாம்பிராணி போட்டு ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை, வீட்டில் இருந்த மூன்று புகை அலாரமும் சேர்ந்து அலறின. மாமா ஓடிப்போய் மெயின் சுவிட்சை இறக்கினார். வீடு இருட்டானதுதான் மிச்சம், அலறல் நிற்கவில்லை.

மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்து லயத்திலிருந்து (தொழிலாளர் வரிசை வீடு) தாமான் (புதுக் குடியிருப்புப் பகுதி) வீட்டுக்கு மாறிய எங்களுக்கு இந்தக் கருவி புதிது. கரண்டில் ஓடினாலும் உள்ளே ஒரு பேட்டரி இருக்கிறது. கரண்ட் போன நேரத்திலும் காவல் காக்கத்தானே அது!

சத்தம் கேட்டதும் வீட்டை ஒரு சுற்று பாருங்கள். நிஜமாகவே தீ என்றால் எல்லாரையும் வெளியேற்றிவிட்டு 999 என்ற அவசர எண்ணை அழையுங்கள். "வழக்கம்போல சும்மாதான்" என்று உட்கார்ந்திருப்பதுதான் இருப்பதிலேயே மோசமான தவறு.

தீ இல்லை, சரி. அடுத்து எல்லா அலாரத்தையும் கழற்றக் கிளம்பிவிடுகிறோம். கம்பியால் இணைத்த அலாரங்களில் ஒன்று புகையை உணர்ந்தால் மற்றவையும் கத்தும். பெரும்பாலும் தொடங்கி வைத்ததில் மட்டும் சிவப்பு விளக்கு வேகமாக மின்னும். அதன் பட்டனை அழுத்தினால் சில நிமிடம் அடங்கும், அதற்குள் ஜன்னலைத் திறந்துவிடலாம். எங்கள் வீட்டில் குற்றவாளி சாமி அறை வாசலில் இருந்தது. மாமா அடித்துக்கொண்டிருந்ததோ மாடியில் இருந்ததை.

நிமிடத்துக்கு ஒருமுறை 'கீச்' என்றால் அது புகை இல்லை, பேட்டரி தீர்கிறது. விடியற்காலைக் குளிரில் பேட்டரியின் வலு இன்னும் குறைவதால்தான் நாம் அசந்து தூங்கும் நேரம் பார்த்துக் கத்துகிறது. இடி மின்னலில் டிரிப் ஆனபின் அலாரத்தின் சுவிட்சை மட்டும் ஏற்ற மறந்தாலும் பேட்டரி கரைந்து இதே கதைதான். கரண்ட் வருவதைக் காட்டும் பச்சை விளக்கு எரிகிறதா என்று பாருங்கள். பின்பக்கம் அச்சிட்ட தேதி 10 ஆண்டைத் தாண்டியிருந்தால் பேட்டரி மாற்றிப் பயனில்லை, அலாரத்தையே மாற்ற வேண்டும்.

காரணமே இல்லாமல் அலறுகிறதா? ஒளி வகை அலாரத்தில் இருட்டறைக்குள் ஓர் ஒளிக்கற்றை ஓடும். புகை நுழைந்தால் ஒளி சிதறி சென்சாரில் படும். குட்டிச் சிலந்தியோ செம்மண் தூசியோ நுழைந்தாலும் அதே கதிதான். சில மாதத்துக்கு ஒருமுறை வேக்கும் கிளீனரின் மென்பிரஷ்ஷால் துளைகளைச் சுற்றி உறிஞ்சினால் போதும். பூச்சி மருந்தை அதன்மேல் அடிக்காதீர்கள்.

சமையலறைக்குள் புகை அலாரம் வைத்தால் மிளகாய் தாளிக்கும்போதெல்லாம் திருவிழாதான். அங்கே வெப்பத்தை மட்டும் உணரும் அலாரம் போதும். புகை அலாரத்தை அடுப்பிலிருந்தும் குளியலறைக் கதவிலிருந்தும் மூன்று மீட்டராவது தள்ளி வையுங்கள். இடம் மாற்றுவது 230 வோல்ட் வேலை. எரிசக்தி ஆணையத்தில் பதிந்த வயர்மேனைக் கூப்பிடுங்கள், பக்கத்து வீட்டு அண்ணன் வேண்டாம்.

டெங்கிக்குப் புகை அடிக்க வரும் நாளில் அலாரத்துக்குப் பிளாஸ்டிக் உறை போடலாம், தப்பில்லை. புகை போனதும் கழற்ற வேண்டும். இதை எழுதும்போது அண்ணாந்து பார்த்தேன், மாடி அலாரத்தில் போன மாதம் போட்ட உறை அப்படியே இருக்கிறது.