அடுக்களையில் முதல் எழுத்து ஃ

அரிச்சுவடி அ-வில் தொடங்குகிறது என்பதற்காக, அடுக்களையில் மாவால் எழுத்துப் பழக்கும்போதும் அ-வில் தொடங்க வேண்டியதில்லை. சுழித்து, வளைத்து, கோடு இழுத்து முடிக்க வேண்டிய எழுத்து அது. 3 வயதுப் பிள்ளை மாவில் அதைச் செய்யப் பார்த்தால் பாதியிலேயே சலித்து, மாவை வாயில் போட்டுக்கொள்ளும். பாளையங்கோட்டையில் என் பேரப்பிள்ளைகளுக்கு நான் உயிரெழுத்துகளைத் தாண்டி நிற்கும் ஃ-இல்தான் தொடங்கி வைத்தேன். மூன்று உருண்டை, எழுத்து முடிந்தது.

முதலில் கொழுக்கட்டை மாவு. ஒரு தம்ளர் இடியாப்ப மாவுக்கு ஏறக்குறைய ஒன்றேகால் தம்ளர் தண்ணீர். மாவைப் பொறுத்துச் சற்றுக் கூடும், குறையும். உப்பும் ஒரு தேக்கரண்டி நல்லெண்ணெயும் சேர்த்துக் கொதிக்கவிட்டு, மாவில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கரண்டிக் காம்பால் கிளறுங்கள். இது பெரியவர்கள் வேலை. பிள்ளை அடுப்புப் பக்கம் வரவே கூடாது. கை பொறுக்கும் சூட்டில் பிசைந்து ஈரத்துணியால் மூடி வையுங்கள். காய்ந்த மாவில் எழுத்து வளையாது, ஒடியும்.

இனிப் பிள்ளையின் வேலை. கையைக் கழுவி, ஒரு சொட்டு எண்ணெய் தடவி, பாயில் உட்கார வைத்து, ஆளுக்கொரு வாழையிலைத் துண்டு கொடுங்கள். ஃ பழகியதும் ட, ப. மாவைச் சுண்டுவிரல் கனத்துக்குத் திரித்து இலையில் மடக்கி வைத்தால் போதும். அதைவிட மெல்லியதாகத் திரித்தால் எடுக்கும்போது அறுந்துவிடும். பிறகு ர, ம. அ-வுக்கு இதற்கெல்லாம் பிறகுதான் முறை. ண-வைப் பள்ளிக்கூடம் பார்த்துக்கொள்ளட்டும். அத்தனை சுழிக்கு எனக்கே பொறுமை இல்லை.

இலையோடு தூக்கி இட்லித் தட்டில் வைத்து 10 நிமிடம் அவியுங்கள். தொட்டால் விரலில் ஒட்டாமல், மேலே பளபளப்பாக இருந்தால் வெந்துவிட்டது.

கொஞ்சம் வளர்ந்த பிள்ளை என்றால் இங்கேதான் சுவாரசியம். வெந்து எடுத்த ட கைச்சூட்டுக்கு ஆறியதும், அதன் தலையில் ஒரு கருப்பட்டித் துணுக்கை வைக்கச் சொல்லுங்கள். வெதுவெதுப்பில் அது லேசாக இளகி ஒட்டிக்கொள்ளும். ட இப்போது ட் ஆகிவிட்டது. "மிட்டாயில் வருகிற ட்" என்று சொல்லிக் காட்டுங்கள். புள்ளியை மட்டும் தின்றுவிட்டு, "ஆச்சி, மறுபடியும் ட ஆகிவிட்டது" என்பான் என் பேரன். பாடம் புரிந்துவிட்டது, கருப்பட்டிதான் தீர்ந்துபோகும். கார்த்திகைக்கு ஓலைக் கொழுக்கட்டை அவிக்கும்போது அதே மாவில் எழுத்தும் செய்யலாமே என்று தோன்றும். வேண்டாம். பாகு சேர்ந்த மாவு பிஞ்சுக் கையில் பிசுபிசுவென்று ஒட்டும். எழுத்துக்கு வெள்ளை மாவே சரி. அழகுக்கென்று முழு நிலக்கடலையைப் பதிக்க வேண்டாம். சின்னப் பிள்ளைகளுக்குத் தொண்டையில் சிக்கும்.

தோசைக்கல்லில் எழுதுவதாக இருந்தால் எழுதுவது நீங்கள், வாசிப்பது பிள்ளை. சாஸ் தீர்ந்த பிளாஸ்டிக் பாட்டிலை நன்றாகக் கழுவி, தோசை மாவைச் சற்றுக் கெட்டியாக நிரப்பிப் பிழியுங்கள். திருப்பிப் போட்டால் எழுத்து இடம் வலம் மாறிவிடும். ஃ-க்கும் ப-வுக்கும் அந்தக் கவலை இல்லை. மற்றவற்றைத் திருப்பாமல் மூடிபோட்டு வேகவிடுங்கள்.

எழுத்துக்கு ஒரு தின்பண்டம் என்று சொல்லிக் கொடுக்க அவல், ஆப்பம், இட்லி, உளுந்தங்களி, எள்ளுருண்டை எல்லாம் வீட்டிலேயே இருக்கின்றன. ஈ-க்கு அரிச்சுவடி ஈயைக் காட்டும். அடுக்களையில் அது ஆகாது. விதை நீக்கிய ஈச்சம்பழம் கொடுங்கள். ஔ-வுக்குத் தேடி அலைய வேண்டாம்.

உடைந்த எழுத்துகளை வீசாதீர்கள். கடுகு, உளுந்தம்பருப்பு, கறிவேப்பிலை தாளித்து, தேங்காய்த் துருவல் போட்டுப் புரட்டினால் சாயங்காலப் பலகாரம் ஆயிற்று.