வேலைய விட்டுட்டு வரும்போது பாக்காம கையெழுத்து போடாதீங்க

தண்டையார்பேட்டைல இருக்குற எங்க மச்சான் மணலி பக்கம் ஒரு ஒர்க்‌ஷாப்ல ஃபிட்டரா 7 வருஷம் 8 மாசம் வேலை பாத்துட்டு 2023ல நின்னாரு. கடைசி நாள் சாயங்காலம் செக்கையும் ஒரு பேப்பரையும் சேத்து நீட்டிருக்காங்க, பேப்பர்ல கீழ பொடி எழுத்துல 'இனி எனக்கு எந்த பாக்கியும் இல்லை'ன்னு இருக்கு. நல்லவேள அத போட்டோ எடுத்து எனக்கு அனுப்புனாரு.

கிராஜுவிட்டின்னு, அதாவது பல வருஷம் வேலை பாத்ததுக்காக நிக்கும்போது கம்பெனி குடுக்குற பணிக்கொடைன்னு, 49,000 போட்டிருந்தாங்க. அவரோட பேசிக்கும் டிஏவும் சேந்து 14,000. அத 30ஆல வகுத்து, 15 நாள் சம்பளம் எடுத்து, 7 வருஷத்தால பெருக்கிட்டாங்க. ரெண்டுமே தப்பு. 30 இல்லைங்க, 26ஆல தான் வகுக்கணும். கடைசி வருஷத்துல 6 மாசத்துக்கு மேல வேலை பாத்திருந்தா அது முழு வருஷமா சேரும், அதனால அவருக்கு 8 வருஷம். சரியா போட்டா 64,615 வருது, அதாவது 15,615 ரூபா குறைச்சிருக்காங்க. அந்த பணத்துல புள்ளைங்களுக்கு ஒரு வருஷ ஸ்கூல் செலவு பாத்திருக்கலாம், எனக்கு வயிறு எரிஞ்சிடுச்சு.

செக்க வாங்காம வரணும்னு இல்ல, 'ஆட்சேபனையுடன் பெற்றுக்கொண்டேன்'னு உங்க கையால எழுதி தேதி போட்டு கையெழுத்து போடுங்க, ஒரு காப்பி கேட்டு வாங்கிக்கோங்க.

இன்னொன்னு, நோட்டீஸ் பீரியட் முடிக்காம போனா கிராஜுவிட்டி கெடையாதுன்னு மிரட்டுவாங்க, நம்மாளுங்க நம்பிடுறாங்க. நோட்டீஸ் நாளுக்கு உண்டான சம்பளத்த கேக்கலாமே தவிர அதுக்காக கிராஜுவிட்டிய நிறுத்த முடியாது, 30 நாளுக்குள்ள குடுக்கணும், லேட்டானா வட்டியோட குடுக்கணும். 2025 நவம்பர் 21ல இருந்து புது தொழிலாளர் சட்டம் வந்துடுச்சு, அதுல நாமளா ராஜினாமா பண்ணாலும் பாக்கி சம்பளம் ரெண்டு வேலை நாளுக்குள்ள வந்துடணும். 'அடுத்த மாசம் 7ஆம் தேதி வா'ன்னா சும்மா தலையாட்டிட்டு வராதீங்க. காண்ட்ராக்ட்ல குறிப்பிட்ட காலத்துக்கு நேரடியா எடுத்த ஆளுங்களுக்கு ஒரு வருஷம் முடிச்சாலே கிராஜுவிட்டி உண்டு, இது நெறைய பேருக்கு தெரியல.

தீபாவளிக்கு முன்னாடி நின்னுட்டா போனஸ் போச்சுன்னு நெனைக்கிறதும் தப்பு. அந்த கணக்கு வருஷத்துல 30 நாள் வேலை பாத்திருந்து சம்பளம் போனஸ் வரம்புக்குள்ள இருந்தா, பாத்த நாளுக்கு கொறைஞ்சது 8.33 சதவீதம் வரணும். எடுக்காத சம்பள லீவுக்கும் காசு கேளுங்க, ஃபேக்டரில வேலை பாத்த ஒவ்வொரு 20 நாளுக்கும் ஒரு நாள்னு அது சேந்திருக்கும்.

பிஎஃப்ப உடனே உருவிடாதீங்க. 5 வருஷ சர்வீஸ் ஆகாம 50,000க்கு மேல எடுத்தா வரி பிடிப்பாங்க, வேற வேலைக்கு போறீங்கன்னா டிரான்ஸ்ஃபர் பண்ணிடுங்க. கம்பெனி வெளியேறுன தேதிய போடாம இழுத்தடிச்சா, கடைசியா பணம் கட்டுன மாசத்துல இருந்து ரெண்டு மாசம் கழிச்சு யுஏஎன் போர்ட்டல்ல (பிஎஃப்காரங்களோட மெம்பர் வெப்சைட்) நீங்களே போட்டுக்கலாம்.

ராஜினாமாவ வாயால சொல்லிட்டு வராதீங்க, மெயில்லயோ லெட்டர்லயோ குடுத்து தேதியோட ஒப்புதல் வாங்குங்க. பேஸ்லிப்பெல்லாம் வேலைல இருக்கும்போதே எடுத்து வச்சுக்கோங்க, கேட் தாண்டுனா அப்புறம் யாரும் தர மாட்டாங்க.

மச்சான் கணக்க ஒரு பக்கத்துல எழுதி ஸ்பீட் போஸ்ட்ல அனுப்புனாரு, வரலன்னா தேனாம்பேட்டை டிஎம்எஸ் வளாகத்துல இருக்குற தொழிலாளர் ஆணையர் ஆபீஸுக்கு போவேன்னும் அதுலயே எழுதிட்டாரு. மூணாவது வாரம் 15,615க்கு இன்னொரு செக்கு வந்துச்சு.