கிரகணம், எரிமலை, நிலநடுக்கம்: விளக்க வருவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கொழும்பில் தமிழ் மொழி மூலப் பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் வானியலும் புவியியலும் சொல்லிக்கொடுக்க இளம் ஆட்கள் பலர் முன்வருகிறார்கள். வெள்ளவத்தையில் ஒரு மண்டபம், கொட்டாஞ்சேனையில் ஒரு பாடசாலை வகுப்பறை, போயா லீவில் ஒரு கருத்தரங்கு. இவர்கள் வருவது எனக்குப் பெரிய மகிழ்ச்சி. ஆனால் பின்வரிசையில் இருந்து கேட்கும்போது, நாங்கள் தொடங்கிய காலத்தில் சொன்ன அதே வசனங்கள் அதே பிழைகளோடு திரும்பி வருகின்றன.

சூரிய கிரகணம் அமாவாசையிலா பௌர்ணமியிலா என்று தடுமாறுவதைப் போன்ற பிழைகளை இங்கே எழுதவில்லை. ஒரு தடவை திருத்தினால் அவை போய்விடும். திருத்திய பிறகும் வேர் விட்டு நிற்பவைதான் இங்கே வருகின்றன. அவற்றில் ஒன்றைப் பற்றி நீளமாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

"பூமியின் மையத்திலிருந்து தீக்குழம்பு பீறிட்டு வருகிறது"

பூமியின் மையப்பகுதியான கருவம் ஏறத்தாழ 2,900 கிலோமீற்றர் ஆழத்தில்தான் தொடங்குகிறது. எரிமலைக் குழம்பு அங்கிருந்து வருவதில்லை. மேலோட்டுக்குக் கீழே குழம்புக் கடல் ஒன்று கொதித்துக்கொண்டிருப்பதாகப் படம் கீறுவதும் பிழை. மேலோட்டுக்கும் கருவத்துக்கும் இடையில் உள்ள மென்மூடி திண்மப் பாறை. நிலநடுக்கத்தின் குறுக்கலைகள் திரவத்துக்குள் போகமாட்டா, மென்மூடிக்குள் போகின்றன. அது திண்மம் என்று நமக்குத் தெரிவது அப்படித்தான்.

அப்படியென்றால் பாறை எப்படி உருகுகிறது? பிள்ளைகள் கேட்கவேண்டிய கேள்வி இது. மையக்குழம்புக் கதையைச் சொன்னால் இந்தக் கேள்வியே எழாது. இந்தோனேசியாவை எடுங்கள். பூமியின் மேற்பகுதி மெல்ல நகரும் பெரும் பாறைத் தகடுகளால் ஆனது. அங்கே கடலடித் தகடு ஒன்று இன்னொரு தகட்டின் கீழே அமிழ்கிறது. அமிழும் தகடு தன்னோடு கொண்டுபோகும் நீர், 100 கிலோமீற்றர் அளவு ஆழத்தில் வெளியேறி மேலே உள்ள சூடான பாறைக்குள் புகுகிறது. நீர் புகுந்தால் பாறையின் உருகுநிலை குறையும். ஏற்கெனவே சூடாக இருந்த பாறை அதனால் ஓரளவு உருகி மேலே எழுகிறது. ஐஸ்லாந்தில் நடப்பது வேறு: அங்கே தகடுகள் விலக, ஆழத்துப் பாறை மேலே எழுந்து, அழுத்தம் குறைவதால் உருகுகிறது. இரண்டையும் ஒரே படத்தில் அடைக்கவேண்டாம்.

கன்னியாவை எரிமலை என்று சொல்வது

திருகோணமலைக்குச் சுற்றுலா போய்வந்த பிள்ளை கட்டாயம் கேட்கும். கன்னியா வெந்நீர்க் கிணறுகளுக்கும் எரிமலைக்கும் தொடர்பில்லை. மழைநீர் பாறைப் பிளவுகளின் வழியே ஆழத்துக்கு இறங்கிச் சூடேறி மேலே வருகிறது. கீழே போகப் போகக் கிலோமீற்றருக்கு 25 பாகை அளவில் வெப்பம் கூடும். அதுவே போதும்.

எக்ஸ்ரே படத்தாலும் மஞ்சள் தண்ணீர்ச் சட்டியாலும் சூரியனைக் காட்டுவது

வேண்டவே வேண்டாம். விழித்திரை எரிந்தாலும் வலி தெரியாது.

கிரகணத்தையும் நிலநடுக்கத்தையும் முடிச்சுப் போடுவது

2025 மார்ச் 28 இல் மியன்மாரில் 7.7 அளவு நிலநடுக்கம் ஏற்பட்டது. சில வாரங்கள் கழித்து வெள்ளவத்தையில் ஒரு கூட்டத்துக்குப் போயிருந்தேன். பேசிய இளைஞர் நன்றாக ஆயத்தம் செய்து வந்திருந்தார். திரையின் இடப்பக்கம் கறுத்த சூரியன், வலப்பக்கம் இடிந்த கட்டடம். மார்ச் 28 நிலநடுக்கம், மார்ச் 29 சூரிய கிரகணம். அடுத்த படம்: 1999 ஓகஸ்ட் 11 துருக்கியில் முழுச் சூரிய கிரகணம், ஓகஸ்ட் 17 அதே நாட்டின் இஸ்மித்தில் 17,000 பேருக்கு மேல் இறந்த நிலநடுக்கம். அதற்கடுத்தது: 2010 ஜனவரி 12 ஹெய்ட்டி, ஜனவரி 15 யாழ்ப்பாணத்தில் தெரிந்த கங்கண (வளைய) கிரகணம். "தொடர்பு இருக்கலாம்" என்று முடித்தார்.

மண்டபம் அமைதியாகிவிட்டது. பிறகு முகத்துவாரத்திலிருந்து வந்திருந்த ஓர் அம்மா எழுந்து கேட்டார்: "தம்பி, அப்ப அடுத்த கிரகணம் எந்தத் திகதி? என்ட மகன் கடலுக்குப் போறவன். அண்டைக்கு மறிக்கவேணும்."

"கவனமா இருக்கிறது நல்லம்தானே அம்மா" என்றார் அவர்.

இந்தப் பதில் இன்றைக்கும் எனக்கு எரிச்சலைத் தருகிறது. அவர் காட்டிய திகதிகள் ஒவ்வொன்றும் சரியானவை. பொய்த் திகதி என்றால் யாராவது எழுந்து மறுத்திருப்பார்கள். சரியான திகதிகளைத் தேடிப் பொறுக்கி வரிசைப்படுத்தும்போது மறுக்க ஆளில்லாமல் போகிறது.

இதைச் சோதிக்க ஒரு நேர்மையான வழி உண்டு. கிரகணத்தில் தொடங்கி நிலநடுக்கத்தைத் தேடக்கூடாது. மிகப் பெரிய நிலநடுக்கங்களை முதலில் எழுதிவைத்துவிட்டுப் பிறகு கிரகணத்தைத் தேடவேண்டும். கருவிகளால் அளவிடப்பட்ட காலத்தில் 9.0 அல்லது அதற்கு மேல் வந்தவை ஐந்து: 1952 நவம்பர் 4 கம்சட்கா, 1960 மே 22 சிலி, 1964 மார்ச் 27 அலாஸ்கா, 2004 டிசெம்பர் 26 சுமாத்திரா, 2011 மார்ச் 11 ஜப்பான். இந்த ஐந்தில் எதற்கும் முன்பின் ஒன்றரை மாதத்துக்குள் சூரிய கிரகணமும் இல்லை, சந்திர கிரகணமும் இல்லை. 2004 ஐப் பாருங்கள்: அதற்கு முந்திய கிரகணம் ஒக்டோபர் 28 சந்திர கிரகணம், பிந்தியது 2005 ஏப்ரல் 8 சூரிய கிரகணம். மியன்மாரைக் காட்டுபவர்கள் அதே 2025 இன் ஜூலை 30 ஐக் காட்டுவதில்லை. கம்சட்காவில் 8.8; மியன்மாரைவிடப் பல மடங்கு பெரியது. அடுத்த கிரகணம் வர ஐந்து வாரத்துக்கு மேல் இருந்தது.

அப்படியானால் இத்தனை பொருத்தங்கள் எங்கிருந்து வருகின்றன? கரும்பலகையில் செய்யக்கூடிய கணக்கு. ஆண்டுக்குக் கிரகணப் பருவம் இரண்டு. ஒவ்வொன்றிலும் பெரும்பாலும் ஒரு சூரிய கிரகணமும் ஒரு சந்திர கிரகணமும் இரு வார இடைவெளியில் வரும். "முன்பின் ஒரு வாரம்" என்று இடம் கொடுத்தால் ஒரு பருவத்துக்கு ஏறக்குறைய ஒரு மாதம், ஆண்டுக்கு இரண்டு மாதம். அதாவது ஆண்டின் ஆறில் ஒரு பங்கு ஏற்கெனவே "கிரகண காலம்" ஆகிவிட்டது. உலகில் 7 அளவுக்கு மேற்பட்ட நிலநடுக்கங்கள் சராசரியாக ஆண்டுக்குப் பதினைந்து. எந்தத் தொடர்பும் இல்லாவிட்டாலும் இரண்டு மூன்று அந்த இடைவெளிக்குள் விழத்தான் செய்யும். 6 அளவுக்கு மேற்பட்டவை ஆண்டுக்கு நூறைத் தாண்டும். அவற்றையும் சேர்த்தால் படம் காட்ட ஒருபோதும் பஞ்சமில்லை. இந்தக் கணக்கைப் பிள்ளைகளையே செய்யவிடுங்கள். விடை வரும்போது அவர்களுடைய முகத்தைப் பாருங்கள்.

"சூரியனும் சந்திரனும் சேர்ந்து இழுக்கும்போது பூமி அசையாதா?" என்று அடுத்த கேள்வி வரும். நல்ல கேள்வி, தட்டிக்கழிக்கவேண்டாம். அந்தச் சேர்ந்த இழுப்பு ஒவ்வொரு அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் உண்டு. கிரகண நாளில் நேர்கோடு இன்னும் செம்மையாக இருக்கிறது, அவ்வளவுதான். இழுப்பு குறிப்பிடும்படி கூடுவதில்லை. சந்திரன் பூமிக்குக் கிட்ட வரும் நாளில் வரும் வேறுபாடு அதைவிடப் பெரியது. இழுவிசைக்கும் பெரிய நிலநடுக்கங்களுக்கும் சிறு தொடர்பு இருப்பதாக 2016 இல் டோக்கியோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் காட்டினார்கள். உடையும் நிலைக்கு ஏற்கெனவே வந்துவிட்ட பிளவை அது சற்றே தள்ளிவிடலாம். அதை மறைக்காமல் சொல்லுங்கள். அதிலிருந்து ஒரு நாளைக் குறித்து எச்சரிக்க முடியாது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். 2004 பேரழிவு பௌர்ணமியன்று நடந்தது. போயா தினம் ஒவ்வொரு மாதமும் வருகிறது.

எனக்குப் பெரிதாகப் படுவது இன்னொன்று. கிரகணம் கணக்கிடக்கூடியது. நம் வடக்கின் மேலே அடுத்த கங்கண கிரகணம் 2031 மே 21 இல் போகும் என்று இன்றைக்கே சொல்லலாம். பஞ்சாங்கக்காரர்கள் நூற்றாண்டுகளாகச் சொல்லி வருகிறார்கள். நிலநடுக்கம் அப்படியல்ல. ஈர்க்கை வளைத்துக்கொண்டே போனால் முறியும் என்று தெரியும். எந்தக் கணத்தில் என்று தெரியாது. இரண்டையும் ஒரே மேடையில் சேர்த்துக் கட்டினால், கேட்பவர் நிலநடுக்கத்துக்கும் பஞ்சாங்கத்தில் திகதி இருப்பதாக எண்ணிக்கொள்வார். அந்த அம்மா கேட்டது அந்தத் திகதியைத்தான்.

அதன் விலை என்ன? 2019 டிசெம்பர் 26, சுனாமியின் பதினைந்தாம் ஆண்டு நினைவு நாள். அன்று யாழ்ப்பாணத்திலும் திருகோணமலையிலும் கங்கண கிரகணம், கொழும்பில் பகுதிக் கிரகணம். அலை திரும்பி வரும் என்ற வட்ஸ்அப் செய்திகள் எனக்கே வந்து குவிந்தன. ஏற்கெனவே பிள்ளையைப் பறிகொடுத்த தாய் ஒருவர் அதை வாசித்திருந்தால் அன்றைய காலை அவருக்கு எப்படிக் கழிந்திருக்கும்? கடலுக்குப் போகாதவருக்கு ஒரு நாள் கூலி இல்லை. எல்லாவற்றையும்விடக் கெடுதல் மற்றப் பக்கத்தில் இருக்கிறது. கிரகண நாளில் பயப்படப் பழகியவர், கிரகணமில்லாத நாளில் பயமில்லாமல் இருப்பார். 2012 ஏப்ரல் 11 இல் சுமாத்திராவுக்கு அப்பால் 8.6 அளவில் நிலம் குலுங்கி இங்கே சுனாமி எச்சரிக்கை விடுக்கப்பட்டபோது, ஒரு மாதம் தாண்டித்தான் கிரகணம். அன்று தகடு கிடையாக நகர்ந்ததால் பேரலை எழவில்லை. கரையோரச் சனம் அன்று விலகி நின்றது எச்சரிக்கையைக் கேட்டு. கேட்கவேண்டியது அதைத்தான்.

ஆகவே பேச வருபவரே, அப்படி ஒரு தாய் திகதி கேட்டால், "கிரகணத்தால் கடலுக்கு ஆபத்தில்லை அம்மா, மகன் போகட்டும். சுனாமி எச்சரிக்கை வந்தால் மட்டும் மறியுங்கோ" என்று நேராகச் சொல்லுங்கள். தெளிவான பதில் இருக்கும் இடத்தில் "இருக்கலாம்" என்று விடக்கூடாது.

நிலநடுக்க அளவைக் கூட்டல் கணக்காகச் சொல்வது

6 க்கும் 7 க்கும் இடையில் ஒன்றுதான் வித்தியாசம் என்று பிள்ளைகள் நினைப்பார்கள். வெளிவரும் சக்தி ஏறத்தாழ 32 மடங்கு கூடுகிறது. 6 க்கும் 8 க்கும் இடையில் ஆயிரம் மடங்கு.

நாள் குறித்து நிலநடுக்கம் சொல்பவரின் காணொளியை வகுப்பில் போடுவது

போடவேண்டாம்.

"எரிமலை வெடித்தால் பூமி சூடாகும்"

பெரும்பாலும் நேர்மாறு. 1991 ஜூன் 15 இல் பிலிப்பைன்ஸின் பினாதுபோ வெடித்தபோது கந்தக வாயு உயர் வளிமண்டலத்துக்குப் போய், வெயிலைத் திருப்பி அனுப்பும் நுண்துளிகளாக மாறியது. உலக வெப்பநிலை ஏறத்தாழ அரைப் பாகை, ஓரிரு ஆண்டுகளுக்குக் குறைந்தது. 1815 இல் இந்தோனேசியாவின் தம்போரா வெடித்த பிறகு, அடுத்த ஆண்டு ஐரோப்பாவில் கோடைகாலமே வரவில்லை என்று சொல்லுமளவுக்குக் குளிர். காபனீரொட்சைட்டைப் பற்றிக் கேட்டால், எரிமலைகள் ஆண்டுதோறும் வெளியிடுவது மனிதர் வெளியிடுவதில் நூறில் ஒரு பங்குக்கும் குறைவு என்பதையும் சொல்லிவிடுங்கள்.

"எங்களுக்கு எல்லைக்கோடு தூரம், ஆகவே ஆபத்தில்லை"

இலங்கை தகட்டின் நடுப்பகுதியில் இருப்பது உண்மை. அதனால் பெரிய நிலநடுக்கம் இங்கே அரிது. ஆனால் கடல் அலைக்கு அந்த எல்லை தூரமில்லை. 2004 இல் 1,200 கிலோமீற்றருக்கு மேற்பட்ட நீளத்துக்குக் கடலடி பிளந்தது. அலை நம் கிழக்குக் கரைக்கு வர இரண்டு மணித்தியாலம் அளவுதான் எடுத்தது. அந்த அதிர்வைப் பல்லேகலையில் இருந்த நிலநடுக்கப்பதிவு நிலையம் பதிந்துகொண்டது. கரையில் இருந்தவர்களுக்கு அந்தச் செய்தி போய்ச் சேரவில்லை.

"கடல் உள்வாங்கினால்தான் சுனாமி"

எச்சரிக்கை என்ற பெயரில் நல்ல மனதோடு சொல்லப்படும் பிழை இது. 2004 இல் தாய்லாந்துப் பக்கம் கடல் முதலில் உள்வாங்கியது உண்மை. கடலடி மேலெழுந்த பகுதி நம் பக்கம் இருந்ததால், இலங்கையை நோக்கி வந்த அலையின் முன்பகுதி ஏற்றமாக வந்தது. உள்வாங்கும் என்று காத்திருந்தால் அலை முந்திவிடும்.

நம்முடைய தெற்கு, மேற்குக் கரைகளில் கடல் பெரிதாகப் பின்வாங்கியது முதல் அலைக்குப் பிறகுதான். களுத்துறையில் கடற்படுக்கை வெளித்தெரிந்ததைச் செய்மதிப் படம் பிடித்திருக்கிறது. பெரலியவில் முதல் அலை ரயிலை நிறுத்தியது. அயலில் இருந்தவர்கள் பாதுகாப்பு என்று எண்ணிப் பெட்டிகளுக்குள் ஏறினார்கள். அடுத்து வந்த பெரிய அலை ரயிலைப் புரட்டியது. ஆயிரம் பேருக்கு மேல் இறந்தார்கள்.

ஆகவே பிள்ளைகளுக்கு மூன்றைச் சொல்லுங்கள். கடல் வழமைக்கு மாறாக ஏறினாலும் இறங்கினாலும் உடனே நிலப்பக்கம், உயரமான இடத்துக்குப் போகவேண்டும். முதல் அலை போனதும் பொருள் எடுக்கத் திரும்பக்கூடாது. பல மணித்தியாலங்களுக்கு அலைகள் தொடரும், பிந்தி வருவது பெரிதாக இருக்கலாம். சந்தேகம் வந்தால் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 ஐ அழைக்கவேண்டும். ஆனால் கடல் மாறுவதைக் கண்ணால் கண்டுவிட்டால் அழைப்பு எடுத்துக்கொண்டு நிற்கவேண்டாம், முதலில் ஓடவேண்டும்.