சிங்கப்பூரில் அறையை வாடகைக்கு விடுவது எப்படி: ஒரு வீவக உரிமையாளரின் குறிப்பு

வீவக, அதாவது அரசின் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் கட்டிய நாலறை வீட்டில் நாமும் குடியிருந்துகொண்டு ஓர் அறையை மட்டும் வாடகைக்கு விடுவதைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன். முழு வீட்டையும் விடுவது வேறு கதை: குறைந்தபட்சக் குடியிருப்புக் காலம் (உரிமையாளர் தாமே குடியிருக்க வேண்டிய காலம்) முடிந்திருக்க வேண்டும், நிரந்தரவாசிகளுக்கு அந்த அனுமதியே கிடையாது. ஓர் அறையைப் பூட்டிப் போட்டு, மற்றதை வாடகைக்கு விட்டுவிட்டு, "நானும் இங்கேதான் இருக்கிறேன்" என்று வெளியூரில் இருப்பவர்களே, அது செல்லாது.

1. முதலில் காலத்தைப் பாருங்கள். வீவக வீட்டில் ஒவ்வொரு வாடகையும் குறைந்தது 6 மாதம். கூட்டுரிமை வீடு (காண்டோ) போன்ற தனியார் வீடுகளுக்குத் தொடர்ந்து 3 மாதம். 2017 ஜூன் இறுதிவரை அங்கேயும் 6 மாதம்தான். ஆகவே ஏர்பிஎன்பி மாதிரி ஒரு வாரம், பத்து நாள் என்ற பேச்சுக்கே இடமில்லை. 2018இல் கூட்டுரிமை வீடுகளை இப்படி விட்ட இருவருக்கு ஆளுக்கு 60,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) அபராதம்.

2. தலையை எண்ணுங்கள். பலர் தடுமாறும் இடம் இதுதான், அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன். வாடகைக்கு வருபவரை மட்டும் எண்ணினால் போதாது. நீங்கள், உங்கள் துணை, பிள்ளைகள், உங்களோடு இருக்கும் அம்மா என எல்லாரும் கணக்கில் வருவார்கள். மூவறை வீட்டில் உச்சவரம்பு 6 பேர். நாலறையிலும் அதற்குப் பெரிய வீட்டிலும் முன்பு 6. 2024 ஜனவரி 22 முதல் தற்காலிகமாக 8. வீட்டில் ஐந்து பேர் இருந்தால் இன்னும் மூன்று பேருக்குத்தான் இடம். கூடத்தில் பலகை அடித்து உண்டாக்கிய "அறை" வாடகைக்கு ஆகாது. கழகம் கட்டும்போதே படுக்கையறையாகக் கட்டியதுதான் அறை.

3. ஆளைச் சரிபாருங்கள். சுற்றுப்பயணிக்கு விடக்கூடாது. வெளிநாட்டவர் என்றால் அவர் இங்கே தங்குவதற்கான அனுமதி அட்டையின் அசலைக் கையில் வாங்கிப் பாருங்கள், கடப்பிதழோடு (பாஸ்போர்ட்) ஒப்பிடுங்கள், பிறகு மனிதவள அமைச்சு அல்லது குடிநுழைவு ஆணைய இணையச் சேவையில் செல்லுபடியாகிறதா என்று தேடுங்கள். வாட்ஸ்அப்பில் வரும் படத்தை நான் ஏற்பதே இல்லை. சட்டவிரோதமாகத் தங்கியவர் என்று தெரியவந்தால் பதில் சொல்ல வேண்டியவர் வீட்டுக்காரர்தான்.

4. சிங்பாஸ் (அரசின் மின்னிலக்க அடையாளக் கணக்கு) வழியாக வீவக தளத்தில் விண்ணப்பியுங்கள். அனுமதி கிடைத்த பிறகே ஆளைக் குடிவைக்க வேண்டும். சாவி முதலில், விண்ணப்பம் பிறகு என்று போகாதீர்கள்.

5. ஒப்பந்தம், முத்திரைத் தீர்வை. சொத்து முகவர்களைக் கண்காணிக்கும் முகவர் மன்றத்தின் இலவச மாதிரி ஒப்பந்தமே எனக்குப் பிடித்தது. இணையத்தில் விற்கும் நீளமானவற்றை விடத் தெளிவாக இருக்கிறது. தீர்வை மொத்த வாடகையில் 0.4 விழுக்காடு. மாதம் 1,000 வெள்ளி, ஓராண்டு என்றால் 48 வெள்ளி. கையெழுத்திட்ட 14 நாளுக்குள் கட்ட வேண்டும். வழக்கமாக வாடகைக்கு வருபவர் கட்டுவார். யார் கட்டுவது என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள்.

பின்சேர்க்கை: தீபாவளிக்கு ஊரிலிருந்து வரும் மாமா குடும்பம் என்ன செய்வது என்று பலர் கேட்டிருந்தீர்கள். விருந்தாளியாக வந்து உங்களோடு தங்கிப் போவது வாடகை ஆகாது. அவர்களுக்கென்று தனியாக வீடு பிடிக்க நினைத்தால் ஹோட்டல், அல்லது குறைந்தது 7 நாள் எடுக்க வேண்டிய சர்வீஸ் அபார்ட்மெண்ட். "பக்கத்து பிளாக்கில் ஒருத்தர் வாரக்கணக்கில் தருகிறார்" என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.