பிடென் பட்டை தெரிந்துவிட்டால் போதுமா? புற்றுநோய் ஆய்வகத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிடென் (PTEN) புற்றுநோயைத் தடுக்கும் ஒரு நொதிப் புரதம். செல் சவ்வில் பிஐ3கே நொதி உருவாக்கும் பிப்3 என்ற கொழுப்பிலிருந்து மூன்றாம் இடத்துப் பாஸ்பேட்டைக் கழற்றி, அதை பிப்2 ஆக்குவதுதான் பிடென்னின் முக்கிய வேலை. பிப்3 குறைந்தால் செல் வளர்ச்சியைத் தூண்டும் ஏகேடி புரதம் சவ்வுக்கு வராது, வளர்ச்சிச் சமிக்ஞையும் அடங்கும். 10ஆம் குரோமோசோமில் இருக்கும் பிடென் மரபணு 1997இல் கண்டறியப்பட்டது. கருப்பை உட்சுவர், மூளை, புராஸ்டேட் புற்றுநோய்களில் இது அடிக்கடி பழுதாகிறது.

வெஸ்டர்ன் பிளாட்டில் (புரதங்களை ஜெல்லில் அளவுவாரியாகப் பிரித்து, தேடும் புரதத்தைப் பட்டையாகக் காட்டும் சோதனை) பட்டையைப் பார்த்ததும் "பிடென் வேலை செய்கிறது" என்று எழுதிவிடுவதுதான் பெரிய தவறு. புரதம் இருக்கிறது என்பதற்கு மேல் பட்டை எதுவும் சொல்லாது. சி124எஸ் திரிபில் (124ஆம் சிஸ்டீன் செரினாக மாறிய மரபணு மாற்றம்) புரதம் முழுசாக இருக்கும், நொதி செத்திருக்கும். ஜி129இ திரிபு இன்னும் வில்லங்கமானது: புரதங்களிலிருந்து பாஸ்பேட்டைக் கழற்றும், கொழுப்பைத் தொடாது. திரிபே இல்லாவிட்டாலும் சிக்கல் உண்டு. வால் பகுதியில் 380, 382, 383ஆம் இடங்களில் பாஸ்பேட் ஏறினால் பிடென் மடங்கிச் சவ்வைவிட்டு விலகும், ஆனால் சிதையாமல் நிலைக்கும். பட்டை தடித்திருக்கும், வேலை குறைந்திருக்கும். (403 அமினோ அமிலம், கணக்குப்படி 47 கிலோடால்டன், ஜெல்லில் 54 அருகே நிற்கும். 47இல் தேடி ஏமாற வேண்டாம்.)

பாஸ்போ-ஏகேடி (பாஸ்பேட் ஏறித் தூண்டப்பட்ட ஏகேடி) ஏறியிருந்தால் பிடென் போய்விட்டது என்பதும் அவசர முடிவு. எம்சிஎஃப்-7 என்ற மார்பகப் புற்றுநோய் செல்லில் பிடென் நன்றாகவே இருக்கிறது, பழுது பிஐ3கேயில். சீரம் (வளர்ச்சியைத் தூண்டும் இரத்தத் திரவம்) நிறைந்த ஊடகத்தில் வளர்ந்த செல்லிலும் ஏகேடி தூண்டப்பட்டே இருக்கும். இரவு முழுதும் சீரம் இல்லாமல் வைத்து, பாதித் தட்டுகளுக்கு 100 நானோமோலார் இன்சுலினை 10 நிமிடம் கொடுத்து, இரண்டையும் ஒப்பிடுங்கள். பிடென் இல்லாத ஒப்பீட்டுக்கு பிசி-3 என்ற புராஸ்டேட் புற்றுநோய் செல்லை ஓட்டலாம்.

செல்லை உடைக்கும் கரைசலில், பாஸ்பேட்டைக் கழற்றும் நொதிகளை முடக்கும் வனடேட்டை மட்டும் போட்டுவிட்டு ஏகேடி சமிக்ஞை மங்கலாக வருகிறது என்று புலம்புவோர் பலர். வனடேட் டைரோசின் பாஸ்பேட்டைத்தான் காக்கும். ஏகேடியில் பார்ப்பது 473ஆம் செரின். அதற்குச் சோடியம் ஃபுளோரைடும் கிளிசரோபாஸ்பேட்டும் வேண்டும். அதே கரைசலை பிடென்னின் நொதித்திறன் சோதனைக்கு எடுத்துப்போனால் கதை கந்தல், ஏனென்றால் வனடேட் பிடென்னையே முடக்கும். அந்தச் சோதனைக்கு வனடேட் இல்லாத கரைசலில், ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும் டிடிடி சேருங்கள்; இல்லையேல் 124ஆம் சிஸ்டீன் ஆக்சிஜனேற்றத்தில் 71ஆம் சிஸ்டீனோடு பிணைந்து நொதி செயலிழந்துவிடும்.

ஆர்என்ஏவை அளப்பவர்களுக்கு வேறொரு பொறி. 9ஆம் குரோமோசோமில் பிடென்னின் போலி மரபணு ஒன்று, கிட்டத்தட்ட அதே எழுத்துகளோடு இருக்கிறது. அதில் இன்ட்ரான் (எக்ஸான்கள் எனும் மரபணுத் துண்டுகளுக்கு நடுவே வந்து, ஆர்என்ஏவில் வெட்டி நீக்கப்படும் பகுதி) கிடையாது, ஆர்என்ஏவும் உருவாகிறது. ஆகவே எக்ஸான்கள் சேரும் சந்திப்பில் பிரைமர் (நகலெடுப்பைத் தொடங்கும் குட்டி டிஎன்ஏ இழை) வைப்பது இங்கே காப்பாற்றாது. இரண்டும் வேறுபடும் எழுத்தில் பிரைமரின் 3 முனை விழும்படி அமையுங்கள், கிடைத்த துண்டை ஒருமுறை வரிசைப்படுத்திப் பாருங்கள்.

பிடென்னைக் காட்டச் சாயமேற்றிய திசுத் துண்டில் கட்டிச் செல்கள் சாயமில்லாமல் இருந்தால், உடனே "பிடென் இழப்பு" என்று குறிக்காதீர்கள். பக்கத்து இரத்தக்குழாய்ச் சுவரையும் இணைப்புத்திசுச் செல்களையும் பாருங்கள். அங்கே சாயம் ஏறியிருந்தால்தான் இழப்பு என்று சொல்லலாம். அவையும் வெளுத்திருந்தால் கோளாறு பெரும்பாலும் திசுவைப் பதப்படுத்தும் ஃபார்மலினிலோ சாயமேற்றலிலோ இருக்கும். துண்டை மறுபடி வெட்டிச் சாயமேற்ற வேண்டியதுதான்.