ஒரே சாப்பாட்டைப் பத்து நாள் சமையுங்கள்

என் அக்கா மகனுக்கு ஏற்காட்டில் வேலை கிடைத்தது. ஒண்டிக்கடைக்குப் பக்கத்தில் ஒரு அறை, ஒற்றை அடுப்பு, நான்கு பாத்திரம். போன முதல் வாரமே இரவு எட்டு மணிக்கு போன் வந்தது. “சித்தி, ஒரு மணி நேரமா பருப்பு கொதிக்குதுங்க, இன்னும் கல்லாட்டமே இருக்குது. எனக்கெல்லாம் சமையல் வராதுங்க.”

எதில் வேக வைத்திருக்கிறாய் என்று கேட்டேன். மூடி இல்லாத சட்டி. காரணம் அங்கேயே தெரிந்துவிட்டது. ஏற்காடு கடல் மட்டத்திலிருந்து சுமார் 1500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. உயரம் கூடக் கூடக் காற்றழுத்தம் குறையும், அழுத்தம் குறைந்தால் தண்ணீர் சீக்கிரமே கொதித்துவிடும். சேலத்தில் 99 டிகிரியை ஒட்டிக் கொதிக்கிற தண்ணீர், அங்கே 95 டிகிரியிலேயே தளதளவென்று கொதிக்கும். அதற்கு மேல் எவ்வளவு தீ வைத்தாலும் ஆவிதான் போகும், சூடு ஏறாது. துவரம்பருப்புக்கு அந்தச் சூடு பத்தாது. குக்கரில் ஆவி வெளியே போக வழியில்லாமல் அழுத்தம் ஏறுவதால், மலை மேலேயும் தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டிச் சூடாகும். அடுத்த ஞாயிறு கீழே வந்தவனிடம் மூன்று லிட்டர் குக்கர் ஒன்றைக் கொடுத்தனுப்பினேன். மறுநாளே பருப்பு மெழுகாக வெந்தது.

“சமையல் வராதுங்க” என்று அவன் சொன்னதுதான் எனக்குத் தாங்கவில்லை. நிறையப் பேர் இப்படித்தான் ஒரு நாள் கெட்டுப்போனதை வைத்து ஒதுங்கிவிடுகிறார்கள். பருப்பு வேகாததற்கு ஒரு காரணம் இருந்தது, அது தெரிந்ததும் சரியாகிவிட்டது. சமையலில் கெட்டுப்போகிற எதற்கும் அப்படி ஒரு காரணம் உண்டு. அதைப் பிடிக்க வேண்டுமானால் ஒரே சாப்பாட்டைத் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். தினம் ஒரு புதுப் பதார்த்தம் என்று போனால், நேற்று கற்றது இன்றைக்கு உதவாது. அவனுக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன்: பத்து நாளைக்கு அரிசியும் பருப்பும் சாதம், கூட ஒரு பொரியல். வேறெதுவும் வேண்டாம்.

ஏன் இந்தச் சாதம் என்றால், நம் கொங்குப் பக்கத்தில் அசந்து போய் வீடு திரும்புகிற இரவுகளில் செய்கிற சாப்பாடு இதுதான். ஒரே குக்கரில் முடிந்துவிடும். தாளிப்பது, வதக்குவது, தண்ணீர் அளப்பது, உப்புப் பார்ப்பது என்று எல்லாமே இதற்குள் இருக்கிறது. இது கைக்கு வந்துவிட்டால் சாம்பாரும் குழம்பும் தூரமில்லை.

வாங்க வேண்டியவை

மூன்று லிட்டர் குக்கர், ஒரு வாணலி, ஒரு கரண்டி, ஒரு தோசைத் திருப்பி, நல்ல கத்தி, பலகை. பிறகு ஒரு டம்ளரை அளவுக்கென்றே ஒதுக்கி வையுங்கள். 200 மில்லி பிடிப்பது போதும். பத்து நாளும் அதே டம்ளரில்தான் அளக்க வேண்டும், இதில் விட்டுக்கொடுக்காதீர்கள்.

மளிகையை நூறு நூறு கிராமாக வாங்குங்கள். கடுகு, சீரகம், மிளகு, உளுத்தம்பருப்பு, மஞ்சள்தூள், சாம்பார்தூள், வரமிளகாய். சேலத்தில் செவ்வாய்ப்பேட்டைக் கடைகளில் எல்லாம் ஒரே நடையில் கிடைத்துவிடும். காய்க்கு உழவர் சந்தைக்குப் போங்கள். 1999இல் மதுரையில் தொடங்கி, பிறகு தமிழ்நாடு முழுக்கப் பரவிய சந்தைகள் இவை. சேலத்தில் சூரமங்கலம், அம்மாப்பேட்டை, தாதகாப்பட்டி, அஸ்தம்பட்டி என்று ஊருக்குள்ளேயே இருக்கின்றன. விலை பலகையில் எழுதியிருக்கும், அதனால் பேரம் பேசத் தெரியாதே என்ற கூச்சம் வேண்டாம். காலையில் நேரத்தோடு போய்விடுங்கள். பீன்ஸை வளைத்துப் பாருங்கள், படக்கென்று ஒடிந்தால் புதுசு, நாராக வளைந்தால் விட்டுவிடுங்கள். கால் கிலோவுக்கு மேல் எதையும் வாங்காதீர்கள். ஆசையில் வாங்கிய காய் வாடுவதைப் பார்த்தால் சமைக்கிற ஆசையும் சேர்ந்து வாடிவிடும்.

அடுப்பை முதலில் பழகுங்கள்

இதை யாரும் சொல்லித் தருவதில்லை. பெரும்பாலான கேஸ் அடுப்புகளில் திருகியைத் திருப்பியதும் முதலில் வருவது பெரிய தீ. அதே பக்கமாக இன்னும் திருப்பினால்தான் சிம். புதிதாகச் சமைக்கிறவர்கள் கொஞ்சமாகத் திருப்பினால் சின்னத் தீ என்று நினைத்துக்கொண்டு, முழுத் தீயில் கடுகைக் கருக்கிவிடுகிறார்கள். வெறும் அடுப்பை இரண்டு தடவை பற்றவைத்து, பெரிய தீ, நடுத்தீ, சிம் மூன்றும் கண்ணுக்கு எப்படித் தெரிகின்றன என்று பார்த்துக்கொள்ளுங்கள். கருகும் போல இருந்தால் முதலில் கை போக வேண்டிய இடம் அந்தத் திருகிதான்.

அரிசியும் பருப்பும் சாதம்

இரண்டு பேருக்கு அளவு: பொன்னி அரிசி 1 டம்ளர், துவரம்பருப்பு கால் டம்ளர், சின்ன வெங்காயம் 12, பூண்டு 6 பல், தக்காளி 1, வரமிளகாய் 2, கடுகு அரை டீஸ்பூன், சீரகம் 1 டீஸ்பூன், தட்டிய மிளகு அரை டீஸ்பூன், மஞ்சள்தூள் கால் டீஸ்பூன், சாம்பார்தூள் 1 டீஸ்பூன், கறிவேப்பிலை ஒரு கொத்து, கொத்தமல்லி கொஞ்சம், கடலை எண்ணெய் 2 மேசைக்கரண்டி, உப்பு ஒன்றரை டீஸ்பூன்.

முதல் வேலை, அரிசியையும் பருப்பையும் ஒன்றாகப் போட்டு மூன்று தண்ணீரில் கழுவி, இருபது நிமிஷம் ஊற வைப்பது. பக்கத்தில் இன்னொரு கிண்ணத்தில் சின்ன வெங்காயத்தையும் தண்ணீரில் போட்டுவிடுங்கள். ஊறிய தோல் விரலோடு வந்துவிடும், கண்ணும் அவ்வளவு எரியாது. வெங்காயம், பூண்டு, தக்காளி எல்லாம் நறுக்கி, தூள்களை ஒரு தட்டில் எடுத்து வைத்த பிறகுதான் அடுப்பைப் பற்றவைக்க வேண்டும். எண்ணெய் காய்கிற நேரத்தில் சீரக டப்பாவைத் தேடுவதில்தான் பாதித் தாளிப்பு கருகுகிறது.

குக்கரைத் துடைத்து நடுத்தீயில் வைத்து எண்ணெய் விடுங்கள். ஈரம் இருந்தால் தெறிக்கும். அரை நிமிஷம் கழித்து ஒரே ஒரு கடுகைப் போட்டுப் பாருங்கள். அடியில் சும்மா கிடந்தால் எண்ணெய் இன்னும் காயவில்லை. போட்ட மாத்திரத்தில் கருத்துப் புகைந்தால் காய்ந்தது அதிகம். அடுப்பை அணைத்துக் கொஞ்சம் ஆற விடுங்கள். சுற்றிலும் நுரைத்து, இரண்டு மூன்று விநாடியில் பட்டென்று வெடித்தால் அதுதான் பதம். இப்போது மீதிக் கடுகைப் போடுங்கள். படபடவென்று சத்தம் கூடும், பிறகு இடைவெளி விட்டு விட்டுக் கேட்கும். சத்தம் ஓயப்போகிற அந்த நேரத்தில் சீரகம், கிள்ளிய வரமிளகாய், உடனே கறிவேப்பிலை. கறிவேப்பிலையில் ஈரமிருந்தால் எண்ணெய் முகத்துக்கு வரும், துணியில் ஒற்றிவிட்டு ஒரு எட்டுத் தள்ளி நின்று போடுங்கள். கடுகு வெடிக்காமல் மற்றதைப் போட்டுவிட்டால் சாப்பிடும்போது கசக்கும். முழுக்க ஓய்ந்த பிறகும் காத்திருந்தால் கருகிய கசப்பு வரும். இந்த ஒரு சத்தத்துக்குக் காதைப் பழக்குங்கள். பத்து நாளில் நான்காம் நாளோ ஐந்தாம் நாளோ உங்களுக்கே பிடிபட்டுவிடும், அதற்குப் பிறகு ஆயுசுக்கும் மறக்காது.

வெங்காயமும் பூண்டும் போட்டு வதக்குங்கள். ஓரம் பொன்னிறம் தட்ட வேண்டும். அப்புறம் தக்காளி. தக்காளி குழைந்து, ஓரத்தில் எண்ணெய் லேசாக மினுங்கும்போது தீயை சிம்மில் வைத்து மஞ்சள்தூள், சாம்பார்தூள், மிளகு. தூள் போட்ட பிறகு பத்து விநாடிக்கு மேல் வெறுமனே கிளறாதீர்கள், அடி பிடிக்கும். உடனே ஊற வைத்த தண்ணீரை வடித்துவிட்டு அரிசி பருப்பைச் சேருங்கள்.

தண்ணீர்க் கணக்கு எளிது. அரிசியும் பருப்பும் சேர்ந்து ஒன்றேகால் டம்ளர். அதற்கு மூன்று மடங்கு, மூன்றே முக்கால் டம்ளர். சாதம் கொஞ்சம் குழைவாகத்தான் இருக்க வேண்டும், உதிரியாக இருந்தால் இதற்கு ருசி இல்லை. குக்கரில் பாதிக்கு மேல் நிரம்பக் கூடாது என்பதை எப்போதும் நினைவில் வையுங்கள். அரிசியும் பருப்பும் பொங்கும், பொங்கியது ஆவி போகிற ஓட்டையை அடைத்தால் ஆபத்து. மூடுவதற்கு முன் அந்த ஓட்டையை வெளிச்சத்தில் தூக்கிப் பாருங்கள், மறுபக்கம் தெரிய வேண்டும்.

உப்புப் போட்டுக் கலக்கி, தண்ணீரைக் கரண்டியில் எடுத்து, ஆற வைத்து நாக்கில் விட்டுப் பாருங்கள். குடிக்கிற ரசத்தைவிட உப்பு ஒரு படி தூக்கலாகத் தெரிய வேண்டும். இந்தத் தண்ணீரையெல்லாம் அரிசி குடித்துக்கொள்ளும், அப்போது சரியாக இருக்கும். உப்புக்குப் பயப்படுகிறவர்கள் இந்த ஒரு சொட்டைச் சுவைத்துப் பழகினால் பயம் போய்விடும்.

கொதி வந்ததும் மூடி, ஆவி சீராக வந்த பிறகு வெயிட் போட்டு, நடுத்தீயில் மூன்று விசில். ஏற்காட்டில் இருக்கிறவர்கள் இன்னும் ஒன்றோ இரண்டோ சேர்த்துக்கொள்ளுங்கள். அணைத்துவிட்டு, அழுத்தம் தானாக அடங்கும் வரை தொடாதீர்கள். பத்து நிமிஷமாவது ஆகும். வெயிட்டைத் தூக்கி ஆவியை விடுவது, மூடியை இழுத்துத் திறப்பது இரண்டும் வேண்டவே வேண்டாம். திறந்து, ஒரு ஸ்பூன் நெய்யும் கொத்தமல்லியும் போட்டு, ஓரத்திலிருந்து மெதுவாகக் கிளறுங்கள்.

கெட்டுப்போனால்

அரிசி நடுவில் கடுக்கென்று இருந்தால் அரை டம்ளர் கொதிக்கிற தண்ணீர் விட்டு இன்னும் ஒரு விசில். நாளைக்குத் தண்ணீரைக் கால் டம்ளர் கூட்டுங்கள். விசிலே வராமல் பக்கவாட்டில் ஆவி கசிந்தால் கேஸ்கட் தளர்ந்திருக்கிறது. அணைத்து, ஆற வைத்துச் சரியாகப் பொருத்துங்கள், பழசானால் மாற்றுங்கள். அடி பிடித்தால் சுரண்டாதீர்கள். மேலே இருப்பதை அலுங்காமல் வேறு பாத்திரத்துக்கு மாற்றினால் தீய்ந்த வாசனை ஏறாது.

உப்புக் கூடிவிட்டால் உருளைக்கிழங்கு போடச் சொல்வார்கள். அது குடிக்கிற தண்ணீரோடு போகிற உப்பு கொஞ்சம்தான். உப்பில்லாமல் ஒரு கை அரிசியைத் தனியாக வேக வைத்துக் கலப்பதுதான் நிஜமான வழி. எனக்குக் கல்யாணமான புதிதில் ஒரு நாள் கல்லுப்பை அள்ளிப் போட்டுவிட்டு, மொத்தத்தையும் கொட்டினேன். இந்த வழி அன்றைக்குத் தெரிந்திருந்தால் அத்தனை அரிசியும் வீணாகியிருக்காது.

பருப்பு பற்றி இன்னொன்று. ஆழ்துளைக் கிணற்றுக் கடினத் தண்ணீரில் பருப்பு வேக நேரம் பிடிக்கும், குடிதண்ணீரில் வேக வையுங்கள். புளியும் பருப்பை வேக விடாது. அதனால்தான் சாம்பாருக்குப் பருப்பு குழைந்த பிறகே புளி கரைத்து விடுகிறோம். இந்தச் சாதத்தில் ஒரே தக்காளி என்று சொல்வதும் அதற்காகத்தான்.

பொரியல்

குக்கர் அடங்குகிற நேரத்துக்குள் இது முடிந்துவிடும். கால் கிலோ பீன்ஸை ஒரே அளவாகப் பொடியாக நறுக்குங்கள். சிறிதும் பெரிதுமாக நறுக்கினால் பாதி குழையும், பாதி வேகாது. இரண்டு டீஸ்பூன் எண்ணெயில் கடுகு, உளுத்தம்பருப்பு, ஒரு வரமிளகாய், கறிவேப்பிலை. அப்புறம் பீன்ஸ், அரை டீஸ்பூன் உப்பு, ஒரு கை தண்ணீர் தெளித்து மூடி, சிம்மில் எட்டு நிமிஷம். நடுவில் இரண்டு தடவை கிளறுங்கள். ஒன்றை எடுத்துக் கடித்துப் பாருங்கள், பல்லுக்கு லேசாகத் தட்டுப்பட வேண்டும். திறந்து வைத்து ஈரம் வற்றியதும் தேங்காய்த் துருவல். முட்டைக்கோஸ், கேரட் எல்லாம் இதே வழிதான்.

தொட்டுக்கொள்ளத் தயிர், அப்பளம், ஊறுகாய் எதுவானாலும் சரி. மீந்த சாதத்தை ஆறியதும் ஃபிரிட்ஜில் வையுங்கள். சித்திரை வெயிலில் சேலத்தில் வெளியே வைத்தால் இரவுக்குள் நொதித்துவிடும்.

பதினோராம் நாள்

தினமும் ஒரு வரி எழுதி வையுங்கள். “தண்ணீர் பத்தலை.” “கடுகு கருகிச்சு.” “உப்பு சரி.” அக்கா மகன் காலண்டர் தாளிலேயே எழுதினான். எட்டாம் நாள் “மிளகு கொஞ்சம் கூட” என்று இருந்தது. ஏற்காட்டுக் காப்பித் தோட்டங்களில் சில்வர் ஓக் மரத்தில் ஏற்றியிருக்கிற கொடியிலிருந்து பறித்த மிளகு, யாரோ கொடுத்தது. அன்றைக்கு அவன் என்னிடம் எதுவும் கேட்கவில்லை, தன் நாக்கைக் கேட்டு மாற்றியிருக்கிறான்.

பதினோராம் நாள் ரசம் வையுங்கள். நெல்லிக்காய் அளவு புளியை இரண்டு டம்ளர் தண்ணீரில் கரைத்து, ஒரு தக்காளியைக் கையால் பிசைந்து, மஞ்சள்தூள், உப்புப் போட்டுப் பச்சை வாசனை போகக் கொதிக்க விடுங்கள். அப்புறம் ஒரு டீஸ்பூன் மிளகு, ஒரு டீஸ்பூன் சீரகம், நான்கு பூண்டுப் பல் மூன்றையும் நசுக்கிப் போட்டு, இன்னும் ஒரு டம்ளர் தண்ணீர் விட்டு, தீயைக் குறைத்து, பக்கத்திலேயே நில்லுங்கள். ஓரத்திலிருந்து நுரை கட்டி நடுவை நோக்கி வரும். நடுவில் சேரும் அந்த நேரத்தில் அணைத்துவிட வேண்டும், கொதிக்க விட்டால் வாசனை போய்விடும். நெய்யில் கடுகு தாளித்துக் கொட்டி, கொத்தமல்லி தூவி மூடி வையுங்கள். கடுகின் சத்தம் உங்களுக்கு ஏற்கெனவே தெரியும்.