ஐந்தாம் வகுப்பு முடிகிறதா? டி.சி.க்கு முன் பெயரைப் பாருங்கள்

தமிழ்நாட்டில் கத்தோலிக்க சிஸ்டர்கள் நடத்தும் தொடக்கப் பள்ளிகள் பலவும் ஐந்தாம் வகுப்போடு முடிந்துவிடும். ஆறாம் வகுப்புக்கு வேறு பள்ளி, அதற்கு டி.சி. (மாற்றுச் சான்றிதழ்) வேண்டும். ஆண்டு விழா, தேர்வு, குரூப் போட்டோ என்று கடைசி மாதம் ஓடிவிடும். அதற்குள் பிள்ளையின் விவரங்களைச் சரிபார்த்துவிடுங்கள்.

நம் கத்தோலிக்க வீடுகளில் சிக்கல் பெயரில்தான் வரும். ஞானஸ்நானத்தில் புனிதர் பெயர், பிறப்புச் சான்றிதழில் இன்னொன்று, ஆதாரில் அப்பா பெயர் முழுதாக, பள்ளியில் வெறும் இனிஷியல். பள்ளிக் கல்வித் துறையின் மாணவர் விவரத் தளமான எமிஸில் உள்ள விவரம்தான் டி.சி.யில் வரும். அங்கே பெயரும் பிறந்த தேதியும் எப்படி இருக்கின்றன என்று வகுப்பு ஆசிரியரிடம் கேளுங்கள். தவறு இருந்தால் பிறப்புச் சான்றிதழ் நகலோடு தலைமையாசிரியரிடம் எழுதிக் கொடுங்கள். டி.சி. கைக்கு வந்த பிறகு திருத்துவது பெரிய அலைச்சல்.

அப்புறம், அடுத்ததும் கத்தோலிக்கப் பள்ளி என்றால் ஞானஸ்நானச் சான்றிதழ் கேட்கலாம். ஞானஸ்நானம் கொடுத்த பங்குக் கோயிலில்தான் அதை வாங்க வேண்டும். ஈஸ்டருக்கு முந்தைய புனித வாரத்தில் ஃபாதருக்கு மூச்சுவிட நேரம் இருக்காது. தவக்காலத் தொடக்கத்திலேயே பங்கு அலுவலகத்தில் சொல்லி வையுங்கள்.